கப்பல் தெரிகிறது, உரிமம் தெரியவில்லை: குளோபல் ஃபிஷிங் வாட்ச் வரைபடச் சேவை

அந்நிய நாட்டுக் கடலில் மீன்பிடிக்கும் உரிமையை ஓர் அரசு பணம் கொடுத்து வாங்குவதும் இன்னோர் அரசு அதை விற்பதும் அரை நூற்றாண்டாக நடந்துவரும் வியாபாரம். அந்த வியாபாரத்தின் ஆவணங்களைப் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. எத்தனை கப்பல், எந்த வகை வலை, கரையிலிருந்து எத்தனை கடல் மைலுக்கு அப்பால், ஆண்டுக்கு எத்தனை டன், அதற்கு எவ்வளவு தொகை என்று இணைப்புப் பக்கங்களில் விரிவாக எழுதியிருப்பார்கள். கையெழுத்தான பிறகு அந்தக் கப்பல்கள் எங்கே போயின, எத்தனை நாள் நின்றன என்று கேட்டால், பதில் வைத்திருப்பவர்கள் இரண்டு அரசுகளின் மீன்வளத் துறைகள்தாம். அவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்காக வந்த இலவச இணையச் சேவைதான் குளோபல் ஃபிஷிங் வாட்ச். ஒப்பந்தத்தை ஒரு பக்கமும் இந்த வரைபடத்தை மறுபக்கமும் திறந்து வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாக வேலை செய்துவருபவன் என்ற முறையில், இது எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கடல் பாதுகாப்பு அமைப்பான ஓஷியானா, செயற்கைக்கோள் படங்களை ஆராயும் ஸ்கைட்ரூத், கூகுள் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய இந்தச் சேவை 2016-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பிறகு தனி அறக்கட்டளை அமைப்பாக மாறியது. இதன் அடிப்படை, கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தம் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் வானொலி அலையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே போகும் தானியங்கி அடையாளக் கருவி, அதாவது ஏஐஎஸ். அந்த அறிவிப்புகளைச் செயற்கைக்கோள்களும் கரையோர ஏற்பிகளும் வாங்கிச் சேர்க்க, கணினி நிரல் ஒவ்வொரு தடத்தின் வளைவையும் வேகத்தையும் பார்த்து, இந்தக் கப்பல் இப்போது பயணத்தில் இருக்கிறதா, மீன்பிடிக்கிறதா என்று ஊகிக்கிறது. இழுவைமடிக் கப்பல் மெதுவாக, மணிக்கணக்கில் ஒரே சீராக முன்னும் பின்னும் உழும். ஆயிரங்கால் தூண்டில் விடும் கப்பல் பல மணி நேரம் நேர்கோட்டில் கயிற்றை விட்டுக்கொண்டே போய், சற்று ஓய்ந்து, வந்த வழியே நெளிந்து நெளிந்து திரும்பி வந்து தூக்கும். கணவாய்க் கப்பல் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த நடைகளைப் பிரித்தறியும் நிரல்தான் சேவையின் உயிர். 2018-ல் இக்குழுவினர் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு 70,000-க்கும் மேற்பட்ட தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களைப் பின்தொடர்ந்து, கடற்பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியில் அவை தொழில் செய்வதைக் காட்டியது.

பயன்படுத்துவது எளிது. கறுப்புக் கடலின் மேல் மீன்பிடிப்பு நடந்த இடங்கள் ஒளிப்புள்ளிகளாகச் சுடர்கின்றன. அடியில் ஒரு காலக்கோடு இருக்கிறது. 2012 முதல் ஏறத்தாழ மூன்று நான்கு நாளுக்கு முன்பு வரை அதை இழுத்து நகர்த்தலாம். தனிப்பொருளாதார மண்டலங்களின், அதாவது மீன்வளம் கடலோர நாட்டுக்கே உரிய 200 கடல் மைல் பகுதிகளின், எல்லைகளை ஓர் அடுக்காக ஏற்றிக்கொண்டு, ஏதேனும் ஒரு நாட்டின் மண்டலத்தைச் சொடுக்கினால், எந்தக் கொடியின் கீழ் எத்தனை மணி நேரம், எவ்வகைக் கருவியால் மீன்பிடிப்பு நடந்தது என்று அறிக்கை வருகிறது. தரவைப் பதிவிறக்க இலவசக் கணக்கு போதும். வணிக நோக்கத்துக்கு மட்டும் தடை உண்டு. பெயர் வைத்தோ அடையாள எண் வைத்தோ ஒரு கப்பலைத் தேடினால், அது முன்பு எந்தப் பெயரில், எந்தக் கொடியில் ஓடியது என்ற வரலாறும், எந்தத் துறைமுகத்துக்குப் போனது, நடுக்கடலில் எந்தக் குளிர்பதனச் சரக்குக் கப்பலோடு ஒட்டி நின்றது என்ற விவரமும் கிடைக்கின்றன. இவ்வளவையும் காசு வாங்காமல் தருவதைப் பாராட்டாமல் மேலே போவது நியாயமாகாது.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தச் சேவை தன் அளவைத் ‘தோற்ற மீன்பிடிப்பு’ என்ற பொருள்படும் சொல்லால்தான் குறிக்கிறது; அந்த அடைமொழியைத் தொடக்கத்தில் நான் சட்டை செய்யவில்லை. சூரை (டூனா) மீனுக்குச் சுருக்குமடி போடும் பெரிய கப்பல் ஒன்று இரவு முழுவதும் ஊர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, விடிய விடிய வலை போட்டிருக்கிறது என்று குறித்து வைத்தேன். அத்தகைய கப்பல்கள் இரவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நீரோட்டத்தோடு மிதப்பது வழக்கம் என்பது பிறகுதான் உறைத்தது. சுருக்குமடியைச் சுற்றி வளைத்து இறுக்கும் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் நிரலுக்கும் அது கடினமான பாடம். இழுவைமடிக்கும் தூண்டிலுக்கும் கிடைக்கும் துல்லியத்தைச் சுருக்குமடிக்கு எதிர்பார்க்கக் கூடாது.

அந்நியக் கப்பல்களுக்குக் கடலைத் திறந்துவிடும் இந்த அனுமதி ஒப்பந்தங்களின் சட்ட வேர் 1982-ல் நிறைவேறி 1994-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை. கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான மீன்வளத்தின் மீது கடலோர நாட்டுக்கு இறையாண்மை உரிமை தந்த அதே உடன்படிக்கை, 62-ஆம் பிரிவில், அந்த நாடு தன்னால் பிடிக்க முடியாத உபரியைப் பிற நாடுகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்கிறது. உபரி எவ்வளவு என்று கணக்கிட வேண்டியது விற்கும் நாடு. அந்தக் கணக்கைப் போட ஆய்வுக் கப்பலும் அறிவியலாளர்களும் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் பல சமயம் வாங்கும் நாட்டிடமிருந்தே ‘துறை வளர்ச்சி உதவி’ என்ற தலைப்பில் வருகிறது. வாங்குபவர் கொடுத்த தராசில் விற்பவர் நிறுத்துக் காட்டும் இந்த ஏற்பாட்டில் அரசியல் எங்கிருந்து புகுகிறது என்று யாரும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வரைபடம் மிக நன்றாக வேலை செய்யும் இடம் நடுப் பசிபிக். காலக்கோட்டை 2014-இன் பிற்பகுதியில் வைத்து, கிரிபாட்டி நாட்டின் ஃபீனிக்ஸ் தீவுகளைச் சுற்றிய பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். சூரைக் கப்பல்களின் புள்ளிகள் நெருக்கமாகச் சிதறிக் கிடக்கும். 2015 சனவரி முதல் நாள் அந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதியில் தொழில்முறை மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது; கோட்டை நகர்த்தினால், நான்கு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் கட்டம் துடைத்துவிட்டதுபோல் இருண்டுபோகிறது. சேவை தன்னை விளம்பரப்படுத்தத் தொடக்கக் காலத்தில் இந்தக் காட்சியைத்தான் காட்டியது. அதே தரவைக் கொண்டு பிறகு வந்த ஆய்வு, தடை வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் அந்தப் பகுதிக்குள் மீன்பிடிப்பு இரட்டிப்பானதைக் கண்டது. கடை மூடும் முன் அள்ளிக்கொள்ளும் அந்த அவசரமும் இதே வரைபடத்தில் இருக்கத்தான் இருந்தது. தேடிப் போனவர் கண்ணுக்கு மட்டும் பட்டது. 2021-ல் கிரிபாட்டி அரசு அந்தப் பகுதியை மறுபடி திறக்கப் போவதாக அறிவித்தது. உரிமக் கட்டணத்தை நம்பி வாழும் நாட்டுக்கு மூடிய கடல் என்பது வராத வருமானம்.

அந்த வருமானம் எப்படி வந்தது என்பது தனிக் கதை. சூரை எல்லை பார்க்காமல் ஓடும் மீன், அதன் மீது எந்தக் கடலோர நாட்டுக்கும் உரிமை கிடையாது என்று அமெரிக்கா நெடுங்காலம் வாதாடிவந்தது. 1984-ல் சாலமன் தீவுகள் தன் கடலில் மீன்பிடித்த அமெரிக்கச் சுருக்குமடிக் கப்பல் ஒன்றைப் பிடித்து வைத்தது. வாஷிங்டன் பதிலுக்கு அந்நாட்டு மீன் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே கிரிபாட்டி சோவியத் ஒன்றியத்தோடு மீன்பிடி ஒப்பந்தம் போட்டது. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் பசிபிக்கில் சோவியத் கொடி என்றதும் வாஷிங்டனின் சட்ட வாதம் தளர்ந்துபோனது. 1987-ல் பசிபிக் தீவு நாடுகளோடு அமெரிக்கா சூரை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதில் கணிசமான தொகையைக் கொடுத்தது சூரை முதலாளிகள் அல்லர், அமெரிக்க அரசின் உதவி நிதி. மீனுக்கு விலை எவ்வளவு, நட்புக்கு விலை எவ்வளவு என்று அந்த ஒப்பந்தத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.

பிறகு நவ்ரு ஒப்பந்த நாடுகள் என்று அழைக்கப்படும் எட்டு பசிபிக் தீவு நாடுகள், தனித்தனியாகப் பேரம் பேசித் தோற்பதை நிறுத்திவிட்டு, கூட்டாக ஒரு முறையைக் கொண்டுவந்தன. இத்தனை டன் என்று விற்பதற்குப் பதில் இத்தனை கப்பல் நாள் என்று விற்கும் முறை அது. ஐம்பது மீட்டருக்குக் குறைந்த கப்பலின் ஒரு நாள் அரை நாளாகவும், எண்பது மீட்டரைத் தாண்டியதன் ஒரு நாள் ஒன்றரை நாளாகவும் கணக்கில் ஏறும். ஒரு நாளின் குறைந்தபட்ச விலை 2012-ல் 5,000 டாலர், 2015-ல் 8,000 டாலர். அந்நாடுகளின் உரிம வருமானம் 2010-ல் சுமார் 6 கோடி டாலராக இருந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 50 கோடி டாலர் அளவுக்கு ஏறியது. உலகின் வரிச்சூரையில் ஏறத்தாழ பாதி தங்கள் கடல்களில் இருப்பதை அவர்கள் ஒருவழியாக விலையாக்கிக்கொண்டார்கள்.

குளோபல் ஃபிஷிங் வாட்சில் அந்தக் கடல்களின் எல்லைக் கோடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு சூரைக் கப்பலின் ஒரு மாதத் தடத்தைப் பார்ப்பது எனக்கு அலுக்காத வேலை. கிரிபாட்டியின் கடல் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று துண்டுகள். இடையிடையே யாருக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் திட்டுகள். நாள் கணக்கு ஓடும் இடம் எது, ஓடாத இடம் எது என்று அறிந்த கப்பலோட்டியின் கணக்கு அந்த நெளிவில் தெரியும். ஆனால் எத்தனை கப்பல் நாள் செலவானது என்று இதிலிருந்து எண்ணிவிட முடியாது. நாடுகள் எண்ணுவது கப்பலில் பொருத்திய வேறொரு கண்காணிப்புக் கருவியின், அதாவது விஎம்எஸ்ஸின், தரவைக் கொண்டு. அது அரசுகளின் கையில் பூட்டப்பட்டிருக்கிறது. மீன்பிடிக்காமல் கடந்து போன நாள் என்று விண்ணப்பித்துக் கழித்துக்கொள்ளவும் விதியில் இடமுண்டு. எந்த நாள் கழிக்கப்பட்டது, எது கழிக்கப்படவில்லை என்பது வரைபடத்துக்கு எட்டாத விவகாரம்.

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தால் சேவையின் பலமும் பலவீனமும் ஒரே திரையில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தங்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. 2021-ல் தொடங்கிய மொரித்தானியா ஒப்பந்தத்துக்கு ஆண்டுக்கு 5.75 கோடி யூரோ; செனகலோடு 2019 முதல் 2024 வரை இருந்ததற்கு ஆண்டுக்கு 17 லட்சம் யூரோ, அதற்கு ஈடாக 10,000 டன் சூரையும் 1,750 டன் ஹேக் மீனும். மொரித்தானியா தன் பேய்க்கணவாயை 2012 முதல் உள்நாட்டுப் படகுகளுக்கே ஒதுக்கிவிட்டது. நெத்திலி, சாளை போன்ற மேல்மட்ட மீன்களைத் துரத்தும் ராட்சத இழுவைமடிக் கப்பல்களைக் கரையிலிருந்து 20 கடல் மைலுக்கு அப்பால் தள்ளியது. இந்த இருபது மைல் கோட்டைக் கப்பல்கள் மதிக்கின்றனவா என்று யார் வேண்டுமானாலும் இந்த வரைபடத்தில் சரிபார்க்கலாம் என்பது சாதாரண விஷயமில்லை. முன்பு அதற்கு ரோந்துக் கப்பலும் அரசாங்கப் பதவியும் தேவைப்பட்டன.

ஆனால் இங்கேதான் ஓர் அநியாயமும் இருக்கிறது. பதினைந்து மீட்டருக்கு மேற்பட்ட ஐரோப்பிய மீன்பிடிக் கப்பல் ஏஐஎஸ்ஸைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே ஐரோப்பியக் கப்பல்கள் வரைபடத்தில் பளிச்சென்று தெரிகின்றன. ஒப்பந்தத்தையே வெளியிடாத நாடுகளின் கப்பல்கள் விட்டுவிட்டுத் தெரிகின்றன, அல்லது தெரிவதே இல்லை. வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இந்தக் கடலைக் கொள்ளையடிப்பவர் ஐரோப்பியர்’ என்று முடிவு கட்டுபவர், கதவைத் திறந்து வைத்தவர் வீட்டை மட்டும் சோதனை போடுகிறார். ஐரோப்பிய ஒன்றியம் குற்றமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அனுமதி வாங்கும் அதே ஒன்றியம்தான் சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்காத நாடுகளுக்கு மஞ்சள் அட்டை, அதாவது முறையான எச்சரிக்கை, காட்டும் அதிகாரத்தையும் வைத்திருக்கிறது. செனகலுக்கு 2024 மே மாதம் மஞ்சள் அட்டை கிடைத்தது. நவம்பர் 17-ஆம் தேதி ஒப்பந்த நெறிமுறை, அதாவது தொகையையும் மீன் அளவையும் சில ஆண்டுகளுக்கு நிர்ணயிக்கும் பகுதி, காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல் போனது. ஒன்றியம் அட்டையைக் காரணம் காட்டியது. செனகலிலோ மீன்பிடி ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்வோம் என்று சொல்லி வென்ற அரசு அப்போது பதவியில் இருந்தது. வாடிக்கையாளரும் நீதிபதியும் ஒருவரே என்றால் தீர்ப்பை எப்படிப் படிப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது.

கொடி வடிகட்டி இன்னொரு பொறி. கொடியைத் தேர்ந்தெடுத்தால் அந்நாட்டுக் கப்பல்கள் வரும் என்று நினைப்பது இயல்பு. கானா நாட்டுச் சட்டப்படி அந்நிய முதலாளிக்கு இழுவைமடிக் கப்பலில் பங்கு கிடையாது. ஆனால் கானா கொடியில் ஓடும் தொழில்முறை இழுவைமடிக் கப்பல்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, சீன நிறுவனங்களின் கட்டுப்பாட்டில் இருப்பதாகச் சுற்றுச்சூழல் நீதி அறக்கட்டளை நெடுநாளாகச் சொல்லிவருகிறது. கடன், குத்தகை, பினாமி என்று வழிகள் பல. வரைபடத்தில் அவை உள்நாட்டுக் கப்பல்களாகவே ஒளிர்கின்றன. அனுமதி ஒப்பந்தம் போட்டால்தானே கேள்வி வரும், கொடியையே மாற்றிக்கொண்டால் ஒப்பந்தமே வேண்டாமல் போய்விடுகிறது. இந்தச் சேவை கப்பல் விவரப் பக்கத்தில் பதிவேடுகளில் கிடைக்கும் உரிமையாளர் தகவலைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயர் பெரும்பாலும் ஓர் அஞ்சல் பெட்டியின் பெயர்.

இதற்கு நடுவே, ஒப்பந்த அரசியலை இந்தச் சேவை நேரடியாகத் தொட்ட ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாட்டோடு ஒப்பந்தம் வைத்திருந்தால், அதன் கப்பல்கள் அந்த ஒப்பந்தத்தின் வழியாக மட்டுமே அங்கே நுழையலாம். நெறிமுறை காலாவதியாகித் தூங்கிக்கொண்டிருந்தால் நுழையவே கூடாது. காம்பியா, ஈக்வடோரியல் கினி ஆகியவற்றின் கடல்களில் அப்படித் தூங்கும் ஒப்பந்தங்கள் இருந்த காலத்திலேயே, இத்தாலி, போர்ச்சுகல், ஸ்பெயின், கிரீஸ் கொடிகள் பறந்த 19 கப்பல்கள் தனிப்பட்ட உரிமம் வாங்கிக்கொண்டு மீன்பிடித்ததை, ஓஷியானா 2017-ல் இந்தத் தரவைக் கொண்டே வெளிக்கொணர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஒன்றியத்தின் வெளிக்கடல் கப்பல்களுக்கான விதிமுறை திருத்தப்பட்டு, தனி உரிமங்களும் கண்காணிப்புக்குள் வந்தன. கவனிக்க வேண்டியது இதுதான்: குற்றத்தை நிறுவியது கப்பலின் தடம் மட்டும் இல்லை. எந்த ஒப்பந்தம் எந்தத் தேதியில் உயிரோடு இருந்தது என்ற ஆவணம் பக்கத்தில் இருந்ததால்தான் அந்தத் தடத்துக்குப் பொருள் வந்தது.

எல்லைக் கோடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேவை பயன்படுத்தும் மண்டல எல்லைகள் பெல்ஜியத்தில் உள்ள கடல் ஆய்வு நிறுவனம் ஒன்று பராமரிக்கும் தரவுத்தொகுப்பிலிருந்து வருபவை. சர்ச்சைக்குரிய பகுதிகளை அது தனியாகக் குறிக்கிறது. மொராக்கோ தன் பிடியில் வைத்துத் தனதென்று கோரும் மேற்கு சஹாராவை ஒட்டிய கடல் அவற்றில் ஒன்று. மொராக்கோவோடு ஐரோப்பிய ஒன்றியம் போட்ட மீன்பிடி ஒப்பந்தத்தின் கீழ்ப் பிடிபட்டதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்தக் கடலிலிருந்து வந்தது. அந்த மண்ணின் மக்களான சஹாராவிகளின் ஒப்புதல் பெறப்படவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4-ஆம் தேதி இறுதியாகத் தீர்ப்பளித்தபோது, நெறிமுறை அதற்கு முந்தைய ஆண்டே காலாவதியாகியிருந்தது. தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுகள் கணவாய் உரிமங்களை விற்று வாழ்கின்றன. அந்தத் தீவுகளையே தனதென்று கோரும் அர்ஜென்டினாவுக்கு அந்த உரிமங்கள் செல்லாக்காசு. சற்று வடக்கே, அர்ஜென்டினாவின் 200 மைல் கோட்டுக்கு வெளியே, எந்த ஒப்பந்தமும் தேவைப்படாத 201-ஆவது மைலில், கணவாய்க் கப்பல்களின் இரவு விளக்குகள் ஒரு நகரம்போல் எரிகின்றன. இரவொளி அடுக்கை ஏற்றிப் பார்த்தால், ஒரு சட்டக் கோடு தண்ணீரின் மேல் வெளிச்சத்தால் வரையப்பட்டிருப்பதைக் காணலாம். சேவையில் என்னை மிகவும் நேரம் மறந்து உட்கார வைத்த காட்சி இதுவே.

இருட்டைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. செயற்கைக்கோள் ராடார் படங்களை வைத்து இக்குழுவினர் 2024 சனவரியில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, உலகின் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுவெளிக் கண்காணிப்பில் தென்படுவதில்லை என்று கண்டது. தன் முதன்மை வரைபடம் எவ்வளவு குறைவாகக் காட்டுகிறது என்பதைத் தானே ஆய்வு செய்து சொன்ன நேர்மைக்கு என் வணக்கம். இப்போது ராடார் கண்டறிதல்களையும் ஓர் அடுக்காகத் தருகிறார்கள். ஆனால் ராடார் காட்டுவது ஓர் இரும்புக் கட்டி இங்கே மிதக்கிறது என்பதைத்தான். அதன் பெயரும் கொடியும் தெரியாது. பெயரில்லாத கப்பலை எந்த ஒப்பந்தத்தோடு பொருத்துவது?

அந்த முறையின் முழு வலிமையும் வெளிப்பட்டது வட கொரியக் கடலில். ஐ.நா. பாதுகாப்பு அவை 2017-ல் விதித்த தடைகளின்படி, வட கொரியா தன் மீன்பிடி உரிமையை விற்பதும் பிறர் வாங்குவதும் கூடாது. 2020-ல் வெளியான ஆய்வு, நான்கு வகைச் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து, 2017-ல் சீனாவைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்ட கப்பல்களும் 2018-ல் சுமார் 700 கப்பல்களும் அங்கே மீன்பிடித்ததையும், இரண்டு ஆண்டுகளில் 44 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள 1.6 லட்சம் டன்னுக்கும் அதிகமான கணவாய் போனதையும் மதிப்பிட்டது. பெரிய கப்பல்கள் நுழைந்ததும் வட கொரியாவின் சிறு மரப் படகுகள் தங்கள் கடலை விட்டு ரஷ்யக் கடலுக்குத் தள்ளப்பட்டன. அவ்வளவு தூரத்துக்குக் கட்டப்படாத அந்தப் படகுகளில் பல, ஜப்பானியக் கரையில் ஆளில்லாமலோ பிணங்களோடோ ஒதுங்கின. அனுமதியை விற்றவர் யார், பணம் எங்கே போனது என்பதற்கு எந்தச் செயற்கைக்கோளிடமும் படமில்லை.

அந்த மரப் படகுகளிலிருந்துதான் என் பெரிய குறை தொடங்குகிறது. அனுமதி ஒப்பந்தங்களால் முதலில் அடிபடுவது கரையோரச் சிறுதொழில் மீனவர். அவர்களுடைய படகில் ஏஐஎஸ் கிடையாது. ஆகவே வரைபடத்தில் கரையோரக் கடல் வெறிச்சோடிக் கிடக்கிறது, அயல்நாட்டுக் கப்பல் மட்டும் அகன்ற கடலில் தனியாக உழைத்துக்கொண்டிருக்கிறது. ‘உபரி’ இருக்கிறது என்று வாதாட வரும் ஒருவருக்கு இதைவிட வசதியான படம் கிடைக்காது. சேவையின் விளக்கப் பக்கங்களில் இந்தக் குறையை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றாலும், படத்தைப் பார்ப்பவர் விளக்கப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. கரையோர மண்டலத்தின் மேல் ஒரு மெல்லிய சாயமாவது பூசி, இங்கே ஆளில்லை என்று எண்ண வேண்டாம் என்று வரைபடத்திலேயே சொல்லலாம்.

இரண்டாவது குறை, உரிம அடுக்கு இல்லாதது. சில வட்டார மீன்வள அமைப்புகளின் அனுமதிப் பட்டியல்களைக் கப்பல் விவரத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது ஆழ்கடலுக்கும் சூரைக்கும் உதவும். ஒரு நாட்டின் கடலுக்குள் இன்று இந்தக் கப்பலுக்கு உரிமம் இருக்கிறதா, எந்த ஒப்பந்தத்தின் கீழ், எவ்வளவு கட்டணத்துக்கு என்ற கேள்விக்கு வரைபடத்தில் விடை இல்லை. இந்தப் பழி முழுவதையும் சேவையின் தலையில் போட முடியாது. விற்கும் நாடுகள் பட்டியலை வெளியிட்டால்தானே அவர்களால் ஏற்ற முடியும். செனகல் 2024 மே மாதம் தன் கடலில் உரிமம் பெற்ற கப்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அந்தப் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க முடிந்தது. இதே வேலையைச் சேவையே செய்து, பட்டியல் வெளியிட்ட நாடு எது, வெளியிடாத நாடு எது என்று மண்டலங்களுக்கு இரு நிறம் கொடுத்தால், அரசுகளுக்கு அதைவிடக் கூர்மையான நெருக்கடி வேறில்லை. தரவைப் பகிர்வதில் அரசுகளின் மனம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதும் தெரிந்ததுதான். 2017-ல் இந்தோனேசியா தன் விஎம்எஸ் தரவை இந்தச் சேவைக்குத் திறந்துவிட்ட முதல் நாடானது. அடுத்த ஆண்டு பெரு தொடர்ந்தது. அயல்நாட்டுக் கப்பல்களை விரட்டுவதையே கொள்கையாக வைத்திருந்த மீன்வள அமைச்சர் சூசி புஜியாஸ்துதி இருந்ததால் இந்தோனேசியாவில் அது நடந்தது. அமைச்சர் மாறினால் அடுக்கின் தலையெழுத்தும் மாறும்.

மானிய அரசியலிலும் இதே திரை விழுந்திருக்கிறது. 2022 சூனில் ஒப்புக்கொள்ளப்பட்டு 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் மீன்வள மானிய உடன்படிக்கை, அனுமதி ஒப்பந்தங்களின் கீழ் அரசுக்கு அரசு கொடுக்கும் தொகையை மானியமாகக் கருதக் கூடாது என்று ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டுப் போகிறது. கப்பல் முதலாளி கொடுக்க வேண்டிய கட்டணத்தின் பெரும் பங்கை வரி செலுத்துபவர் கொடுக்கும்போது, அது மானியம் ஆகாமல் வேறென்ன ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை. வரைபடத்தில் எரியும் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் இப்படி ஒரு காசோலை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், ஒப்பந்தத்தை ஏற்கெனவே படித்தவர்களுக்கு. நெறிமுறையின் இணைப்பை அருகில் வைத்துக்கொண்டு, மண்டலம், வலை வகை, தடைக்காலம், தேதி ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு வருபவருக்கு இந்தச் சேவையைப் போன்ற துணை வேறில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஒன்றும் படிக்காமல் திறப்பவருக்கு இது அழகான, திசைதிருப்பும் படம். அவர்களுக்கு மூன்று போதும். பயன்படுத்தும் முறையாக ஒன்று சொல்கிறேன்: முதலில் கொடி வடிகட்டியை எடுத்துவிடுங்கள், எல்லைக் கோடுகளை ஏற்றுங்கள், ராடார் அடுக்கைத் திறந்து, பெயருள்ள புள்ளிகளுக்கு அருகே பெயரில்லாதவை எத்தனை மிதக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு அந்த நாட்டின் மீன்வளத் துறைக்கு எழுதி, அந்தத் தேதியில் செல்லுபடியான உரிமங்களின் பட்டியலைக் கேளுங்கள். நான் இதுவரை கேட்டதில் பெரும்பாலான கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. வந்த இரண்டு பதில்களில் ஒன்று, என்னையே குளோபல் ஃபிஷிங் வாட்ச் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது.